23,040 புள்ளிகள் பெரிய திரைக்குப் போனால்?



சென்ற மாதம் ஒரு நாள் ஓய்வு நேரத்தில் படிவம் இரண்டு மாணவர் ஒருவர் ஆசிரியர் அறைக்கு வந்தார். முகம் வாடியிருந்தது. அவருடைய மாமா தாம் முன்பு விளையாடிய பி.எஸ்.பி. என்னும் கையடக்க விளையாட்டுக் கருவியைப் பரிசாகக் கொடுத்திருக்கிறார். அதை வீட்டு டிவியில் இணைத்து, தம்பியோடு சேர்ந்து பார்த்து விளையாட வேண்டும் என்பது இவருடைய ஆசை. இரண்டு மாதச் சேமிப்பு 60 ரிங்கிட்டைக் கொடுத்து ஓர் இணைப்புக் கம்பியும் மாற்றியும் வாங்கினார். பெட்டியின் மேல் 'முழு எச்.டி. தரம்' என்று பெரிதாக அச்சிட்டிருந்ததாம்.

இணைத்தார். கருவியின் முகப்புப் பட்டியல் டிவி முழுவதும் தெரிந்தது. ஆனால் விளையாட்டைத் தொடங்கியதும் படம் சட்டென்று சுருங்கித் திரையின் நடுவில் உட்கார்ந்துகொண்டது. சுற்றிலும் கறுப்புப் பட்டை. டிவியின் பெரிதாக்கும் பொத்தானை அழுத்தினால், படம் ஈரத்துணியால் துடைத்த வாட்டர் கலர் ஓவியம்போல மங்கிவிட்டது.

"எது சார் கெட்டுப்போச்சு? கேமா, கேபிளா, டிவியா?"

எதுவும் கெட்டுப்போகவில்லை. ஆனாலும் அவர் கேட்டது நல்ல கேள்வி. கொஞ்சம் பெருக்கல், வகுத்தல், விகிதம் தெரிந்தால் போதும், விடையை நாமே கண்டுபிடித்துவிடலாம். வாருங்கள்.

புள்ளிகளை எண்ணுவோம்

வாசலில் போடும் புள்ளிக் கோலத்தைப் பார்த்திருப்பீர்கள். திரையில் தெரியும் படமும் வரிசை வரிசையாக அடுக்கிய புள்ளிகளால் ஆனதுதான். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறம் உண்டு. இதைப் படப்புள்ளி அல்லது பிக்சல் என்கிறோம்.

கணக்குக்கு எளிதாக இருக்கட்டும் என்று பி.எஸ்.பி.யை விடப் பழைய ஒரு கருவியை முதலில் எடுத்துக்கொள்வோம். 1989ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜப்பானில் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட கேம் பாய். உங்கள் அப்பா அம்மாவுக்கு இது நினைவிருக்கலாம். அதன் திரையில் கிடையாக 160 புள்ளிகள், செங்குத்தாக 144 புள்ளிகள்.

160 × 144 = 23,040 புள்ளிகள்.

இன்றைய முழு எச்.டி. டிவியில் கிடையாக 1,920, செங்குத்தாக 1,080.

1,920 × 1,080 = 20,73,600 புள்ளிகள், அதாவது இருபது இலட்சத்துக்கும் மேல்.

இரண்டாவதை முதலாவதால் வகுத்துப் பாருங்கள். மீதியின்றிச் சரியாக 90 வரும். கேம் பாய் ஒரு புள்ளியைக் கொடுத்தால், டிவி அதை வைத்துத் தன் 90 புள்ளிகளை நிரப்ப வேண்டும். 4கே டிவி என்றால் 360 புள்ளிகள்.

நிறத்தையும் சேர்த்துக்கொண்டால் இடைவெளி இன்னும் பெரிது. கேம் பாயின் ஒரு புள்ளிக்கு நான்கே சாயல்கள். நான்கில் ஒன்றைக் குறிக்க 2 பிட் போதும். டிவியின் ஒரு புள்ளிக்கு வழக்கமாக 24 பிட். புள்ளியில் 90 மடங்கு, ஒரு புள்ளிக்கான பிட்டில் 12 மடங்கு. ஆக, ஒரு முழுப் படத்துக்கான தகவலில் 1,080 மடங்கு வேறுபாடு!

இந்தத் தகவலை டிவி எங்கிருந்து கொண்டுவரும்? எங்கிருந்தும் கொண்டுவர முடியாது. ஒரு கரண்டி தோசை மாவை எவ்வளவு பெரிய கல்லில் தேய்த்தாலும் தோசைதான் மெலியுமே தவிர மாவு கூடாது. படமும் அப்படித்தான்.

ஏழரை பிடித்த கணக்கு

"இருக்கும் புள்ளியையே பெரிதாக்கிக் காட்டினால் என்ன? படம் கட்டம் கட்டமாகத் தெரிந்தாலும் தெளிவாக இருக்குமே" என்று நீங்கள் கேட்கலாம். சரியான யோசனை. ஒரு புள்ளியை 7 × 7 சதுரமாக நகலெடுத்தால் ஓரங்கள் கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாக இருக்கும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

டிவியின் உயரம் 1,080 வரிசை. கேம் பாயின் உயரம் 144 வரிசை.

1,080 ÷ 144 = 7.5

ஏழரை! ஒரு வரிசையை ஏழு முறை நகலெடுக்கலாம், எட்டு முறையும் நகலெடுக்கலாம். ஏழரை முறை எப்படி நகலெடுப்பது? திரையில் அரைப் புள்ளி என்று ஒன்று கிடையாது. டிவி படத்தை மேலிருந்து கீழ்வரை நிரப்பியே ஆக வேண்டும் என்றால், ஒரு வரிசைக்கு எட்டு, அடுத்ததற்கு ஏழு, மறுபடி எட்டு, மறுபடி ஏழு என்று மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். மூலப் படத்தில் ஒரே தடிப்பில் இருந்த கோடுகள் இப்போது இரண்டு தடிப்பில் வரும். இதனால் என்ன ஆகும் என்று கையால் செய்து பார்த்தால்தான் மனத்தில் பதியும்.

செய்து பார்: 'ப' எழுத்தின் கால்கள்

தேவையானவை: கட்டத்தாள், பென்சில்.

1. கட்டத்தாளில் 8 × 8 சதுரம் ஒன்றை வரையுங்கள். செங்குத்து வரிசைகளுக்கு இடமிருந்து 1 முதல் 8 வரை எண் இடுங்கள். கிடை வரிசைகளுக்கு மேலிருந்து 1 முதல் 8 வரை எண் இடுங்கள்.

2. அதில் 'ப' எழுதுங்கள். இடக்கால் 1ஆம் செங்குத்து வரிசையில், வலக்கால் 6ஆம் செங்குத்து வரிசையில். இரண்டுக்கும் உயரம் 6 கட்டம். அடிக்கோடு 6ஆம் கிடை வரிசையில். எல்லாக் கோடுகளும் ஒரு கட்டத் தடிப்புதான்.

3. இப்போது இதை ஒன்றரை மடங்கு பெரிதாக்கி 12 × 12 சதுரத்தில் நகலெடுக்க வேண்டும். விதி இதுதான்: 1, 3, 5, 7 என்னும் ஒற்றைப்படை வரிசைகளை இரண்டு முறை வரையுங்கள், 2, 4, 6, 8 என்னும் இரட்டைப்படை வரிசைகளை ஒரு முறை மட்டும் வரையுங்கள். கிடைக்கும் செங்குத்துக்கும் இதே விதி.

என்ன கிடைத்தது? இடக்கால் 2 கட்டத் தடிப்பு. வலக்காலும் அடிக்கோடும் 1 கட்டத் தடிப்பு. ஒரு காலில் மட்டும் யானைக்கால் வந்ததுபோல 'ப' நிற்கிறது.

4. மூலத்தாளுக்குத் திரும்புங்கள். 'ப' எழுத்தை ஒரே ஒரு கட்டம் வலப்பக்கம் நகர்த்துங்கள். கால்கள் இப்போது 2ஆம், 7ஆம் வரிசைகளில். அதே விதிப்படி மீண்டும் பெரிதாக்குங்கள்.

இப்போது இடக்கால் மெலிந்துவிட்டது, வலக்கால் தடித்துவிட்டது!

விளையாட்டில் ஒரு பாத்திரம் வலப்பக்கம் நடந்து போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஒவ்வொரு புள்ளி நகரும்போதும் அதன் கோடுகள் தடிப்பதும் மெலிவதுமாக இருக்கும். பின்னணி நகரும் காட்சியில் படம் முழுவதும் நெளிவதுபோலத் தோன்றும். ஒன்றரை மடங்கில் இது பளிச்சென்று தெரியும். ஏழரை மடங்கில் வேறுபாடு 8க்கும் 7க்கும்தான் என்பதால் குறைவு; ஆனாலும் சிறிய எழுத்துகளிலும் நகரும் காட்சிகளிலும் கண்ணுக்குத் தட்டுப்படும்.

கடைசியாக, அதே 'ப' எழுத்தைச் சரியாக இரண்டு மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். எங்கே வைத்தாலும், எத்தனை முறை நகர்த்தினாலும் எழுத்து குலையாது. இதுதான் முழு எண் மடங்கின் சிறப்பு.

அப்படியானால் மங்கல் எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலான டிவிகள் நாம் செய்ததுபோல நகலெடுப்பதில்லை. அவை சராசரி எடுக்கின்றன. கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 255 என்று எண் கொடுப்பது வழக்கம். கறுப்புப் புள்ளிக்கும் வெள்ளைப் புள்ளிக்கும் சரி நடுவில் ஒரு புதிய புள்ளியை நிரப்ப வேண்டுமானால், டிவி ஏறத்தாழ 128 என்ற சாம்பல் நிறத்தை இடும். கறுப்புக்குக் கொஞ்சம் அருகில் என்றால் அதைவிடச் சிறிய எண். இந்த முறைக்கு இடைக்கணிப்பு என்று பெயர்.

ஒரு நிழற்படத்துக்கு இது நன்றாகப் பொருந்தும். முகத்திலோ வானத்திலோ நிறம் மெல்ல மெல்லத்தானே மாறுகிறது? ஆனால் பழைய விளையாட்டுகளின் படங்களை ஓவியர்கள் ஒவ்வொரு புள்ளியாக வைத்து வரைந்தார்கள். கறுப்புக் கோடு முடிந்த இடத்தில் வெள்ளை தொடங்க வேண்டும். ஏழரை மடங்கு பெரிதாக்கும்போது அந்த ஓரத்தில் ஏழெட்டு சாம்பல் படிகள் புகுந்துவிடுகின்றன. நம் கண் அந்தச் சரிவை 'மங்கல்' என்று படிக்கிறது.

கோடுகளை ஊகித்து வழவழப்பாக்கும் நிரல்களும் உண்டு. படிக்கட்டுபோல் இருக்கும் சாய்கோட்டை நேராக்கும். ஆனால் அது ஊகம்தான். மூன்று நான்கு புள்ளிகளில் வரைந்த ஒரு கண்ணை, அந்த நிரல் வெறும் பொட்டாக நினைத்துக் கரைத்துவிடவும் கூடும். இல்லாத தகவலை ஊகிக்கலாம்; மீட்க முடியாது.

வட்டம் முட்டையான கதை

அடுத்த சிக்கல் வடிவம். கேம் பாய் திரையின் அகல உயர விகிதம் 160 : 144, சுருக்கினால் 10 : 9. கிட்டத்தட்டச் சதுரம். டிவியின் விகிதம் 16 : 9. படத்தை இழுத்துத் திரை முழுவதும் நிரப்பினால், அகலம் மட்டும் 1.6 மடங்கு கூடுதலாக நீளும். உருண்டையான பந்து, கிடத்திவைத்த முட்டையாகிவிடும். 'முழுத்திரை' என்ற பொத்தானை அழுத்தும் முன் இதை நினைவில் கொள்ளுங்கள். பக்கங்களில் வரும் கறுப்புப் பட்டை குறையல்ல. வடிவம் கெடாமல் இருப்பதற்கு அடையாளம்.

பழைய திரையின் குறையே துணையாக இருந்தது

கேம் பாயின் திரைக்குள் விளக்கு கிடையாது. சன்னல் வெளிச்சத்தையோ மேசை விளக்கையோ பிரதிபலித்துத்தான் படம் தெரியும். பச்சை கலந்த நான்கு சாயல்கள், அவ்வளவே. அதே ஆண்டில் வந்த அட்டாரி லிங்ஸ் கருவிக்கு வண்ணத் திரையும் உள்விளக்கும் இருந்தன. ஆனால் அது ஆறு மின்கலங்களைச் சில மணி நேரத்தில் குடித்துவிடும். கேம் பாய் நான்கு மின்கலங்களில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. கேம் பாயை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பெய் யோகோய், புத்தம் புதிய தொழில்நுட்பத்தைத் தேடாமல், விலை குறைந்த, நன்கு பழகிய தொழில்நுட்பத்தைப் புதுவிதமாகப் பயன்படுத்துவதில் நம்பிக்கை கொண்டவர். பேருந்திலும் ரயிலிலும் அந்த முடிவுதான் வென்றது.

அந்தத் திரைக்கு இன்னொரு குணமும் இருந்தது: மெதுவாக மாறும். ஒரு புள்ளி கறுப்பிலிருந்து வெளுக்கச் சற்று நேரம் ஆகும். வேகமாக ஓடும் பாத்திரத்தின் பின்னால் வால்போல ஒரு நிழல் தொடரும். இது குறைதான். ஆனால் விளையாட்டை எழுதியவர்கள் சிலர் இதையே கருவியாக்கிக்கொண்டார்கள். ஒரு பொருளை ஒரு படத்தில் காட்டி, அடுத்த படத்தில் மறைத்து, மறுபடி காட்டினால், மெதுவான திரையில் இரண்டும் கலந்து அந்தப் பொருள் கண்ணாடிபோல ஒளி ஊடுருவுவதாகத் தெரியும். இன்றைய டிவி வேகமாக மாறக்கூடியது. அங்கே அதே பொருள் படபடவென்று மினுக்கும்! டிவி பிழை செய்யவில்லை. முன்பு திரை செய்த உதவியை அது செய்யவில்லை, அவ்வளவுதான்.

நிறத்திலும் இதே கதைதான். 2001இல் வந்த கேம் பாய் அட்வான்ஸ் கருவியின் வண்ணத் திரைக்கும் உள்விளக்கு இல்லை. இருண்ட திரையில் எடுப்பாகத் தெரிய வேண்டுமே என்று பல விளையாட்டுகளுக்கு நிறங்களைக் கூடுதல் வெளிச்சமாக அமைத்தார்கள். 2003இல் வந்த எஸ்.பி. வகையில்தான் திரைக்கு விளக்கு கிடைத்தது. அந்த நிறங்களை இன்றைய பிரகாசமான டிவியில் அப்படியே போட்டால் கண்ணைக் கூசும், அல்லது வெளிறித் தெரியும்.

இன்னும் ஒரு சின்னக் கணக்கு. கேம் பாய் நொடிக்கு ஏறத்தாழ 59.73 படங்களைக் காட்டும். டிவி பெரும்பாலும் 60. வேறுபாடு 0.27 மட்டுமே. ஆனால் 1 ÷ 0.27 = 3.7. எனவே 3.7 நொடிக்கு ஒரு முறை டிவி ஏதோ ஒரு படத்தைத் திரும்பக் காட்ட வேண்டியிருக்கும். சீராக நகரும் காட்சியில் கூர்ந்து பார்த்தால் ஒரு சின்னத் தடுக்கல் தெரியும்.

எத்தனை அடி தள்ளி உட்காருகிறீர்கள்?

கேம் பாயின் ஒரு புள்ளியின் அகலம் சுமார் 0.3 மி.மீ. அதை 30 செ.மீ. தூரத்தில் பிடித்து விளையாடுவோம். 43 அங்குல முழு எச்.டி. டிவியில் ஒரு புள்ளியை 7 மடங்காக்கினால் அதன் அகலம் சுமார் 3.5 மி.மீ. ஏறத்தாழ 12 மடங்கு பெரிது. அப்படியென்றால் டிவியில் படம் 12 மடங்கு கரடுமுரடாகத் தெரிய வேண்டும் அல்லவா?

இல்லை. கண்ணுக்கு முக்கியம் பொருளின் அளவு மட்டுமல்ல. அளவையும் தூரத்தையும் ஒப்பிடும் விகிதம். 0.3 ÷ 300 = 0.001. டிவியிலும் இதே 0.001 வர வேண்டுமானால் 3.5 ÷ 3,500, அதாவது மூன்றரை மீட்டர் தள்ளி உட்கார வேண்டும். நம் அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில் பெரும்பாலும் இரண்டு மீட்டரில்தான் உட்காருவோம். அப்போது விகிதம் 0.00175, கையில் பிடித்ததைவிட 1.75 மடங்கு. படம் கரடுமுரடாகத் தெரிவதில் நம் நாற்காலிக்கும் பங்கு உண்டு! ஒத்த முக்கோணங்கள் எதற்குப் படிக்கிறோம் என்று இனி யாரும் கேட்க மாட்டீர்களே?

என்னதான் செய்யலாம்?

பழைய விளையாட்டுகளைப் பெரிய திரையில் காட்டும் கருவியோ மென்பொருளோ உங்களிடம் இருந்தால், இவற்றை முயன்று பாருங்கள்.

முதலில், அமைப்புகளில் 'முழு எண் மடங்கு' என்னும் பொருள்படும் தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். முழு எச்.டி. டிவியில் கேம் பாய் படத்தை 7 மடங்காக்கினால் 1,120 × 1,008 வரும். மேலும் கீழும் 36 வரிசைகள், இருபக்கமும் 400 புள்ளிகள் கறுப்பாக நிற்கும். நிற்கட்டும். படம் சுத்தமாக இருக்கும்.

4கே டிவி இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். 2,160 ÷ 144 = 15. மீதியே இல்லை! ஆனால் விளையாட்டுக் கருவியே 4கே படத்தை அனுப்ப வேண்டும். அது 1,080 வரிசைப் படத்தை அனுப்பினால், ஏழரை ஏற்கெனவே பிடித்துவிட்டிருக்கும்.

720 வரிசைத் திரையிலும் 5 மடங்கு சரியாகப் பொருந்தும். ஆனால் அந்த வகையில் விற்ற பல டிவிகளின் திரையில் உண்மையில் 768 வரிசைகள். வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, டிவியில் 'விளையாட்டு முறை' இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். படத்தை மெருகேற்ற டிவி எடுத்துக்கொள்ளும் நேரம் குறையும். பொத்தானை அழுத்தியதும் பாத்திரம் குதிக்கும். ஓரங்களை வெட்டிப் படத்தைப் பெரிதாக்கும் அமைப்பு இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் பார்த்துப் பார்த்து அமைத்த முழு எண் மடங்கு மறுபடி பின்னமாகிவிடும்.

இந்தக் கணக்கை நன்கு அறிந்தவர்கள் 2021 டிசம்பரில் அனலாக் பாக்கெட் என்ற புதிய கையடக்கக் கருவியை வெளியிட்டார்கள். அதன் திரை 1,600 × 1,440. கேம் பாய் திரையோடு ஒப்பிடுங்கள். சரியாகப் பத்து மடங்கு. தற்செயல் என்று நினைக்கிறீர்களா?

மாணவரின் 60 ரிங்கிட்

இப்போது ஆசிரியர் அறைக்குத் திரும்புவோம். பி.எஸ்.பி. திரை 480 × 272. 2007இல் வந்த வகையிலிருந்துதான் அதை டிவியில் இணைக்க முடிந்தது. அது அனுப்பும் படச்சட்டம் 720 × 480. விளையாட்டின் படம் அந்தச் சட்டத்தின் நடுவில் அப்படியே 480 × 272 புள்ளிகளாக வைக்கப்படுகிறது. 480 வரிசைகளில் 272 மட்டும், அதாவது உயரத்தில் 57 விழுக்காடு. சுற்றியிருந்த கறுப்புப் பட்டையின் இரகசியம் இதுதான். இந்த 480 வரிசைகளை மாற்றி 1,080 ஆக்குகிறது. 1,080 ÷ 480 = 2.25. மறுபடியும் பின்னம், மறுபடியும் மங்கல். அதற்குமேல் டிவியின் பெரிதாக்கும் பொத்தான்.

பெட்டியில் இருந்த 'முழு எச்.டி.' பொய்யா? கறாராகச் சொன்னால் பொய்யில்லை. மாற்றியிலிருந்து 1,080 வரிசைகள் வெளியே போகத்தான் செய்கின்றன. ஆனால் அது வெளியே போகும் புள்ளிகளின் எண்ணிக்கை. உள்ளே வந்த தகவலின் அளவு அல்ல. இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் கைப்பேசிப் படக்கருவி, கண்காணிப்புப் படக்கருவி, 'பழைய புகைப்படத்தை எச்.டி. ஆக்கித் தருகிறோம்' என்னும் விளம்பரம், எல்லாவற்றையும் நீங்கள் வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

அந்த மாணவர் கரும்பலகையில் இந்தக் கணக்கைத் தாமே போட்டு முடித்தார். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "வாங்குறதுக்கு முன்னாடியே இதப் போட்டுப் பார்த்திருக்கலாம் சார்" என்றார். இப்போது அவரும் தம்பியும் டிவியின் பெரிதாக்கும் பொத்தானைத் தொடுவதில்லையாம். நடுவில் தெரியும் சின்னப் படமே தெளிவாக இருக்கிறது என்கிறார்கள். பயணத்தின்போது கையில் பிடித்து விளையாடுகிறார்கள். மாமா விளையாடியதும் அப்படித்தானே!

மூளைக்கு வேலை

கேம் பாய் அட்வான்ஸ் திரை 240 × 160 புள்ளிகள்.

1. முழு எச்.டி. டிவியில் அதிகபட்சம் எத்தனை முழு மடங்கு பெரிதாக்கலாம்? கறுப்புப் பட்டை எவ்வளவு வரும்?
2. 4கே டிவியில் (3,840 × 2,160) எத்தனை மடங்கு?
3. இந்தப் படத்தை இழுத்து 16 : 9 திரையை நிரப்பினால், ஒரு வட்டத்தின் அகலம் அதன் உயரத்தைப்போல எத்தனை மடங்காகும்?

விடைகள்: 1. 6 மடங்கு (1,440 × 960). மேலும் கீழும் 60 வரிசைகள், இருபக்கமும் 240 புள்ளிகள். 2. 2,160 ÷ 160 = 13.5 என்பதால் 13 மடங்கு (3,120 × 2,080). 3. 240 : 160 = 1.5; 16 : 9 = 1.78, எனவே ஏறத்தாழ 1.19 மடங்கு.